நேற்று எத்தனை பேர் வந்தார்கள்?

தீபாவளிக்கான டிக்கெட் முன்பதிவை நள்ளிரவு 12 மணிக்குத் திறந்துவிட்டு, மூன்று மணிவரை விழித்திருந்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் நிறுவனத்தில் வணிகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம். "தம்பி, ராத்திரி எத்தனை பேர் வந்தாங்க? பஸ் ஓனருங்க கேக்கறாங்க. ஒரு நம்பர் சொல்லு."

கோயம்புத்தூரில் இருந்த சின்ன நிறுவனம் அது. ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் பதிவுசெய்யும் வலைச்செயலியை நடத்திவந்தோம். சர்வர் பக்கம் நானும் இன்னொரு பையனும். லேப்டாப்பைத் திறந்து, சர்வரின் கணக்குகளை வரைந்து காட்டும் கிராஃபனா என்ற கருவியில் வரைபடத்தின் கூட்டுத்தொகையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். அதே கேள்வியை மேடம் என் கூட்டாளியிடமும் கேட்டிருக்கிறார். அவன் சர்வர் லாக்கில், அதாவது பிரவுசர் எதைக் கேட்டாலும் ஒரு வரி விழும் பதிவுக்கோப்பில், வரிகளை எண்ணிச் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது நான் சொன்னதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. மார்க்கெட்டிங்கில் இருந்தவர் பிரவுசர் ஸ்கிரிப்ட் வழியாக வரும் கணக்கைப் பார்த்து மூன்றாவதாக ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார். "இதுல எதப்பா சரி?" என்றார் மேடம். எனக்குத் தெரியவில்லை. அன்று வரை எண்ணுவது எளிய வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வலைச்செயலி நடத்துகிறவர்கள் யாருக்காவது அரை நாளாவது மிச்சமானால் சந்தோஷம்.

அப்போதைய எங்கள் அமைப்பு இதுதான். பயனரின் பிரவுசர் கேட்பதை, அதாவது கோரிக்கையை, முதலில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சர்வர் நிரல் வாங்கும், அக்சஸ் லாக்கில் ஒரு வரி எழுதும், பின்னாலிருக்கும் பைத்தான் செயலிக்கு அனுப்பும். செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஸ்டாட்ஸ்டி என்ற நிரலுக்கு "ஒன்று கூட்டிக்கொள்" என்று ஒரு துண்டுச் செய்தி அனுப்பும். ஸ்டாட்ஸ்டி 10 நொடிக்கு ஒருமுறை அதுவரை வந்ததைக் கூட்டி, எண்களைச் சேமிக்கும் கிராஃபைட் என்ற நிரலிடம் கொடுத்துவிட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிராஃபைட் அதை விஸ்பர் கோப்புகளில் எழுதிவைக்கும், கிராஃபனா வரைந்து காட்டும். கிராஃபைட் 2006-இல் ஆர்பிட்ஸ் என்ற பயணப்பதிவு நிறுவனத்தில் பிறந்தது, அதாவது எங்களைப்போலவே டிக்கெட் விற்கும் இடத்தில். ஸ்டாட்ஸ்டியை 2011-இல் எட்ஸி அறிமுகப்படுத்தியது. அந்தக் காலத்தில் பல இடங்களில் இந்த ஜோடியைத்தான் வைத்திருந்தார்கள்.

இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தேன். ஆறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் பாட் (தானாக வந்து பக்கங்களைப் படிக்கும் நிரல்), படக்கோப்பு என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆறு என்றால் எங்கேயோ ஒரு வகுத்தல் நடந்திருக்க வேண்டும். சர்வர்கள் நான்கு, அதில் ஆறு இல்லை. டீ குடிக்கப் போன இடத்தில் பொறி தட்டியது: 60-ஐ 10-ஆல் வகுத்தால் ஆறு.

விஸ்பர் கோப்பில் அறைகள் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கும். எத்தனை நொடிக்கு ஓர் அறை, எத்தனை நாளுக்கு வைத்திருக்க வேண்டும் என்று உள்ளமைவுக் கோப்பில் சொல்லிவிட வேண்டும். கிராஃபைட்டோடு வரும் மாதிரிக் கோப்பில் 60 நொடிக்கு ஒரு புள்ளி, 1 நாள் என்று இருக்கும். ஒரு நாள் போதாது என்று நாங்கள் அதை ஒரு வருடமாக்கியிருந்தோம். 60-ஐத் தொடவில்லை. ஸ்டாட்ஸ்டி நிமிடத்துக்கு ஆறு முறை எண் கொடுக்கிறது, அறையோ ஒன்றுதான். ஆறையும் ஒரே அறையில் எழுதினால் கிராஃபைட் கூட்டாது, முன்பிருந்ததன் மேலேயே எழுதும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் ஆறு பேருடைய தொகையையும் ஒரே வரியில் அழித்து அழித்து எழுதினால் கடைசி ஆளின் பணம் மட்டும்தானே நோட்டில் நிற்கும்? ஒவ்வொரு நிமிடத்திலும் கடைசி 10 நொடிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறோம்.

இத்தனை நாள் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. வரைபடத்தின் வடிவம் சரியாகவே இருந்தது. காலையில் ஏறியது, மதியம் தொய்ந்தது, இரவு எட்டு மணிக்கு உச்சிக்குப் போனது. எச்சரிக்கைகளும் ஒழுங்காக வந்தன. ஆறில் ஒரு பங்கைப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் அதேதானே. யாராவது கூட்டிக் கேட்கும்வரை பிழை வெளியே வராது. அதனால் இப்போது புதிய அளவீடு எதை அமைத்தாலும் முதல் நாளே ஒரு மணி நேரக் கூட்டுத்தொகையை எடுத்து, லாக்கில் நேரடியாக எண்ணியதோடு வைத்துப் பார்க்கிறேன். வரைபடத்தைக் கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

திருத்தும்போது இன்னொரு குழியில் விழுந்தேன். உள்ளமைவில் 60-ஐ 10 என்று மாற்றி, கிராஃபைட்டை நிறுத்தி ஓடவிட்டேன். எதுவும் மாறவில்லை. மாற்றம் இனிமேல் உருவாகும் கோப்புகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை விஸ்பரோடு வரும் ரீசைஸ் கருவியை ஓட்டித்தான் மாற்ற வேண்டும் என்று தெரிய அரை நாள் ஆனது. பழைய தரவை ஆறால் பெருக்கிவிடலாமே என்றான் கூட்டாளி. வேண்டாம் என்றேன். தொலைந்த 50 நொடியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. மாற்றிய நாளில் வரைபடத்தில் ஒரு குறுக்குக்கோடு போட்டு, "இதற்கு முன் உள்ளதைக் கூட்டக்கூடாது" என்று எழுதிவைத்தோம்.

சரி, ஆறு மடங்கு தீர்ந்தது என்று நினைத்தால், அந்தக் கோட்டுக்குப் பின் வந்த தரவும் பழசானதும் கணக்கு உதைத்தது. கிராஃபைட்டில் தரவு பழசானதும் சுருக்கிவைக்கலாம்: முதல் சில மணி நேரத்துக்கு 10 நொடிப் புள்ளிகள், அப்புறம் நிமிடம், அப்புறம் பத்து நிமிடம் என்று. சுருக்கும்போது எப்படிச் சுருக்குவது? வேறெதுவும் சொல்லாவிட்டால் சராசரி எடுக்கும். சிபியு பயன்பாட்டுக்குச் சராசரி சரி. எண்ணிக்கைக்கு அது தப்பு. ஆறு பத்து நொடிகளில் ஆறு முறை 100 கோரிக்கை வந்திருந்தால் அந்த நிமிடத்துக்கு 600 என்று இருக்க வேண்டும், சராசரி எடுத்தால் 100 என்று நிற்கும். எண்ணிக்கை என்று முடியும் பெயர்களுக்குக் கூட்டல், உச்ச அளவுகளுக்குப் பெரியது, மற்றவற்றுக்குச் சராசரி என்று சுருக்கும் முறைக்கான கோப்பில் வகைபிரித்து எழுதினோம். அதையும் பழைய கோப்புகள் தானாக எடுத்துக்கொள்ளாது.

இதற்குத் தம்பி முறையில் இன்னொன்று இருக்கிறது. அதே நள்ளிரவு உச்சியை ஒரு மணி நேர அளவில் பார்த்தால் கோபுரமாக நிற்கும், ஒரு மாத அளவில் பார்த்தால் மேடாகக் குறுகிவிடும். திரையில் இருக்கும் பிக்சல்களைவிடப் புள்ளிகள் அதிகமானால், வரையும்போதும் சராசரி எடுத்துத்தான் ஒரு பிக்சலில் அடைக்கிறது. அடுத்த தீபாவளிக்கு எத்தனை சர்வர் வேண்டும் என்பதை மாத வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்தால் ஆபத்து. வரைபடத்தின் அளவை மாற்றும்போது உச்சியின் உயரம் மாறினால் எங்கோ சராசரி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கூட்டாளியின் எண். லாக்கில் வரிகளை எண்ணியது நேர்மையான கணக்கு, ஆனால் அவன் எண்ணியதில் மனிதர்கள் செய்யாத கோரிக்கைகளும் இருந்தன. எங்களிடம் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுத் தரும் லோட் பேலன்சர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் நான்கு சர்வர்களையும் 5 நொடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கும். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஐந்தால் வகுத்தால் 17,280, அதை எட்டால் பெருக்கினால் 1,38,240 வரிகள். ஒருவர்கூட டிக்கெட் வாங்காத நாளிலும் இத்தனை வரி லாக்கில் இருக்கும். தேடுபொறிகளின் பாட்கள் வேறு. எங்கள் விலைகளைச் சுரண்டிப் போகும் நிரல்கள் வேறு. என்ஜின்எக்ஸ் 499 என்று எழுதும் வரிகள், அதாவது பதில் போவதற்கு முன்பே பயனர் இணைப்பைத் துண்டித்துவிட்டவை. பொறுமையிழந்து ரிஃப்ரெஷ் அழுத்தினால் ஒரு 499 விழும், கூடவே ஒரு புதிய கோரிக்கையும் விழும். இவற்றில் எது "வருகை"?

இதை நிரல் தீர்க்காது, ஆட்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். மேடம், மார்க்கெட்டிங்காரர், நாங்கள் இருவர் என ஒரு மதியம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். ஆரோக்கியச் சோதனை எதிலும் சேராது. படம், ஸ்டைல் கோப்புகள் தனிக் கணக்கு. 499 வருகையில் சேராது, ஆனால் தனியாகக் காட்டப்படும், ஏனென்றால் அது பயனரின் எரிச்சலை அளக்கிறது. நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இந்த ஒரு பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

லாக்கைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். லாக் கோப்பைச் சுழற்றும்போது நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலிசெய்யும் முறையை வைத்திருந்தோம். நகலெடுப்பதற்கும் காலிசெய்வதற்கும் இடையில் எழுதப்படும் வரிகள் தொலைந்துபோகும். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, புதுக் கோப்பைத் திறக்கச்சொல்லி என்ஜின்எக்ஸுக்குச் சிக்னல் கொடுப்பதுதான் முறை. இரண்டாவது, நேரம். என்ஜின்எக்ஸின் வழக்கமான லாக் வடிவத்தில் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதே இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இரண்டு மாறிகளையும் சேருங்கள். ரிக்வெஸ்ட் டைம் என்பது பயனரிடமிருந்து முதல் பைட் வந்ததிலிருந்து கடைசி பைட்டை அவருக்கு அனுப்பி முடிக்கும்வரை. அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் என்பது நம் செயலி பதில் கொடுக்க எடுத்துக்கொண்டது. இரவு பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்து ஒருவர் திரும்பும் டிக்கெட்டைப் பதிவுசெய்வார், முதல் மாறி பல நொடி காட்டும், இரண்டாவது கால் நொடிகூட இருக்காது. முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் தரவுத்தளத்தில் இல்லாத குற்றத்தைத் தேடியிருக்கிறேன்.

எல்லாம் திருத்திய பிறகு ஸ்டாட்ஸ்டியும் லாக்கும் பகல் முழுக்க ஒத்துப்போயின. முன்பதிவு திறக்கும் அந்த அரை மணி நேரத்தில் மட்டும் ஸ்டாட்ஸ்டி குறைவாகக் காட்டியது. காரணம் யுடிபி. ஸ்டாட்ஸ்டிக்குப் போகும் செய்திகள் யுடிபி வழியாகப் போகின்றன. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அளவீட்டு நிரல் செத்துப்போனாலும் தளம் மெதுவாகக்கூடாது என்பதற்காகவே தெரிந்து செய்த தேர்வு அது, நல்ல தேர்வும்கூட. ஆனால் கூட்டம் பொங்கும்போது வரும் செய்திகளை இயங்குதளத்தின் கர்னல் தற்காலிகமாக வாங்கிவைக்கும் இடமான பஃபர் நிரம்பிவிடும், மீதிப் பொட்டலங்கள் சத்தமில்லாமல் கீழே விழும். எண்ணிக்கை எப்போது நமக்கு மிகவும் தேவையோ அப்போது பார்த்துத்தான் குறைகிறது. நெட்ஸ்டாட் கட்டளையில் யுடிபி புள்ளிவிவரத்தைப் பார்த்தால் பஃபர் பிழைகள் ஏறுவது தெரியும். பஃபரைப் பெரிதாக்கினோம், பல அளவீடுகளை ஒரே பொட்டலத்தில் கட்டி அனுப்பினோம். பெருமளவு சரியானது.

இதற்குள் நாங்கள் புரோமீதியஸுக்கு மாறும் முடிவுக்கு வந்திருந்தோம். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கிய கருவி அது. ஸ்டாட்ஸ்டியில் செயலிதான் எண்ணை அனுப்ப வேண்டும். இங்கே செயலி எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், புரோமீதியஸ் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து படித்துவிட்டுப் போகும். முக்கியமாக, அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஏறிக்கொண்டே இருக்கும்.

வீட்டு கரண்ட் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஈபி ஆள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுக்கிறார். போன ரீடிங்கைக் கழித்தால் பயன்பாடு. ஒருமுறை அவர் வராவிட்டால் கணக்கு தொலைவதில்லை, அடுத்த முறை நான்கு மாதத்துக்கும் சேர்த்து வரும். எந்த மாதம் எவ்வளவு என்ற நுணுக்கம்தான் போகும். நடுவில் மீட்டரை மாற்றினால் ரீடிங் திடீரென்று கீழே இறங்கும், அவரும் புரிந்துகொண்டு புது மீட்டரின் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து கணக்கிடுவார். நொடிக்கு எத்தனை என்று கணக்கிடும் புரோமீதியஸின் ரேட் செயற்கூறும் அதையே செய்கிறது: எண் இறங்கினால் "செயலி மறுபடி தொடங்கியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த நல்ல குணமே எங்களைக் கவிழ்த்தது. மாறிய முதல் நாள் கிராஃபனாவில் எங்கள் வாழ்நாளில் பார்க்காத போக்குவரத்து தெரிந்தது. பைத்தான் செயலி ஜியூனிகார்ன் என்ற பைத்தான் சர்வர் நிரல் வழியாக ஒரு சர்வரில் நான்கு வேலைச்செயல்முறைகளாக ஓடியது. நான்குக்கும் தனித்தனி நினைவகம், ஆகவே தனித்தனிக் கணக்கு. புரோமீதியஸ் படிக்க வரும்போது நான்கில் யார் கையில் சிக்குகிறதோ அவர் தன் எண்ணைச் சொல்வார். ஒரே வீட்டில் நான்கு மீட்டர், வருகிறவர் ஒவ்வொரு முறையும் எதையோ ஒன்றைப் படிக்கிறார் என்று வையுங்கள். முதல் தடவை 5,200, அடுத்த தடவை 4,900. இறங்கிவிட்டதே, மீட்டர் மாறியிருக்கிறது என்று முழு 4,900-ஐயும் புதுப் பயன்பாடாகச் சேர்ப்பார். அடுத்து 5,230, மேலும் 330. நிஜத்தில் வந்ததோ நூறுகூட இருக்காது.

பைத்தான் நூலகத்தில் இதற்கென்றே பல்செயல்முறை வழி இருக்கிறது. சூழல் மாறியில் ஒரு கோப்புறையைச் சொன்னால் ஒவ்வொரு செயல்முறையும் தன் எண்ணை அங்கே ஒரு கோப்பில் வைக்கும், யார் பதில் சொன்னாலும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வார். செயலி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறையைக் காலிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போன செயல்முறைகளின் எண்களும் கணக்கில் சேரும். ஏறி இறங்கும் அளவுகளுக்குக் கூட்டலா, பெரியதா, சிறியதா என்று நாமே சொல்ல வேண்டும். பைத்தானில் மட்டும் வரும் தொல்லை இல்லை இது. ஒரு முகவரிக்குப் பின்னால் பல செயல்முறைகள் நிற்கும் எந்த இடத்திலும் வரும். புரோமீதியஸை லோட் பேலன்சர் வழியாகப் படிக்கவைத்தாலும் இதே கதைதான், ஒவ்வொரு சர்வரையும் நேரடியாகப் படிக்கவைக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒரு பாடம், வரிசை. முதலில் ரேட், பிறகுதான் கூட்டல். நான்கு வீட்டு மீட்டர் ரீடிங்கையும் முதலில் கூட்டிவிட்டு மாதாமாதம் கழித்துப் பார்த்தால், ஒரு வீட்டில் மீட்டர் மாறியதும் மொத்தமே இறங்கும். நான்கு மீட்டரும் மாறியதாக எண்ணி மொத்தத்தையும் புதிதாகச் சேர்ப்போம். ஒவ்வொரு முறை ஒரு சர்வரைப் புதுப்பிக்கும்போதும் வரைபடத்தில் ஊசி ஊசியாக உச்சிகள் நின்றால் இந்த வரிசையைத்தான் முதலில் பாருங்கள். ரேட் எடுக்கும் கால அளவும் படிக்கும் இடைவெளியைப்போல நான்கு மடங்காவது இருக்கட்டும், ஒன்றிரண்டு படிப்புகள் தவறினாலும் கோடு அறுந்துபோகாது.

மேடம் ஒருமுறை திரையைக் காட்டிக் கேட்டார்: "அஞ்சு நிமிஷத்துல 3.02 டிக்கெட் வித்திருக்குன்னு போட்டிருக்கு. அது என்ன 0.02?" நியாயமான கேள்வி. படித்த முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் கேட்ட ஐந்து நிமிடத்தின் விளிம்பில் துல்லியமாக உட்காராது, விளிம்புவரை நீட்டி மதிப்பிடுகிறது புரோமீதியஸ். போக்கு பார்க்க அது போதும். பணம் சம்பந்தப்பட்ட எண்ணைத் தரவுத்தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றே அந்தப் பலகையிலிருந்து டிக்கெட் கணக்கை நீக்கிவிட்டேன்.

அடுத்தது பெர்சன்டைல். சராசரி நேரம் பொய் சொல்லும், 95-ஆவது பெர்சன்டைலை, அதாவது நூற்றில் 95 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதை, பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நாங்கள் ஒவ்வொரு சர்வரிலும் அதைக் கணக்கிட்டு, நான்கையும் சராசரி எடுத்துத் திரையில் போட்டிருந்தோம். இரண்டே சர்வர்களை வைத்துப் பார்ப்போம். ஒன்று 9,900 கோரிக்கைகளை ஒவ்வொன்றும் 0.1 நொடியில் முடிக்கிறது. இன்னொன்று நோயாளி, 100 கோரிக்கைதான் எடுத்தது, ஒவ்வொன்றும் 4 நொடி. முதலாவதின் 95-ஆவது பெர்சன்டைல் 0.1, இரண்டாவதின் 4, சராசரி 2.05 நொடி. நிஜத்தில் மொத்தம் 10,000 கோரிக்கைகளில் 9,900 பேர் 0.1 நொடியில் பதில் வாங்கிவிட்டார்கள், 95-ஆவது பெர்சன்டைல் 0.1-தான். 2.05 நொடி காத்திருந்த ஒரு ஆள்கூடக் கிடையாது. நேரத்தைச் சர்வர்வாரியாகச் சராசரி எடுத்தாலும், ஒவ்வொரு நிமிடப் பெர்சன்டைலையும் நாளுக்குச் சராசரி எடுத்தாலும் இதே தப்புதான்.

இதற்கு ஹிஸ்டோகிராம் வழி. 0.1 நொடிக்குள் எத்தனை, 0.25-க்குள் எத்தனை, 0.5-க்குள் எத்தனை என்று வாளிகளில் எண்ணிவைத்தால் அவை வெறும் எண்ணிக்கைகள், எத்தனை சர்வரிலிருந்து வேண்டுமானாலும் கூட்டலாம். கூட்டி முடித்த பிறகு பெர்சன்டைல் எடுக்கலாம். அதிலும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்தேன். பணம் செலுத்திவிட்டுத் திரும்பும் பக்கத்தில் 99-ஆவது பெர்சன்டைல் கோடு 10 நொடியில் மட்டப்பலகை வைத்ததுபோல நேராக நின்றது. "எவ்வளவு மோசமானாலும் 10 நொடிக்குள் முடிகிறது" என்று கூட்டத்தில் நானே சொன்னேன். பைத்தான் நூலகத்தின் இயல்பான வாளிகள் 10 நொடியில் முடிகின்றன, அதற்கு மேல் எல்லாம் ஒரே முடிவிலி வாளி. அதில் விழுந்தால் புரோமீதியஸ் கடைசி எல்லையான 10-ஐத்தான் பதிலாகச் சொல்லும். பயனர்கள் அரை நிமிடம் காத்திருந்திருக்கிறார்கள். பணம் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. வாளிகளை உங்கள் செயலிக்குத் தகுந்தபடி நீங்களே அமையுங்கள். பெர்சன்டைல் கோடு நேராகப் படுத்துக்கொண்டால் நம்பாதீர்கள்.

அளவீட்டை வகைபிரிக்க அதன்மேல் ஒட்டும் குறிச்சொற்களான லேபிள்களைப் பற்றிச் சுருக்கமாக. யுஆர்எல் பாதையை அப்படியே லேபிளாகப் போட்டிருந்தோம். பாதையில் டிக்கெட் எண் இருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு புதிய நேரத்தொடர் பிறந்து, இரண்டு நாளில் புரோமீதியஸ் நினைவகம் முழுக்கத் தின்று விழுந்தது. பாதையின் பொது வடிவத்தை மட்டும் லேபிளாக வையுங்கள், உள்ளே வரும் எண்களை அல்ல. லேபிள்கள் ஒன்றோடொன்று பெருகும்: 40 வகைப் பக்கங்கள், 5 நிலைக்குறிகள், 4 சர்வர்கள், வாளியும் மற்றவையும் சேர்த்து 17 தொடர்கள் என்றால் 13,600. பயனர் எண்ணை லேபிளாக்கும் ஆசை வந்தால் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நேர மண்டலம் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. நீண்டகாலத் தேவைக்கு மணிக்கொரு வரியாகச் சுருக்கி ஓர் அட்டவணையில் சேர்த்துவந்தோம், உலகப் பொது நேரமான யுடிசியில். நமக்கு 5 மணி 30 நிமிட வித்தியாசம். நம்முடைய நள்ளிரவு 12 மணி யுடிசியில் முந்தைய மாலை 18:30. எங்கள் அட்டவணையில் 18 மணி வரி என்பது நம் நேரத்தில் இரவு 11:30 முதல் 12:30 வரை. முன்பதிவு திறப்பதற்கு முன் ரிஃப்ரெஷ் அழுத்திக்கொண்டு காத்திருந்தவர்களும், திறந்தபின் டிக்கெட் வாங்கியவர்களும் ஒரே வரியில் கலந்துவிட்டார்கள். அதுமட்டுமில்லை, மணிக்கணக்கு வரிகளை எப்படிக் கூட்டினாலும் ஓர் இந்திய நாளைத் துல்லியமாகக் கட்ட முடியாது, இரண்டு முனையிலும் அரை மணி நேரம் இழுக்கும். யுடிசியோடு வித்தியாசம் முழு மணிகளாக இருக்கும் நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை இருக்காது. யுடிசியில் சேமிப்பது சரி, சுருக்குவதை 15 நிமிடத்துக்கு வையுங்கள். நேபாளத்துக்கு 5 மணி 45 நிமிடம், அங்கும் பொருந்தும்.

கடைசியாக, மேடம் கேட்ட உண்மையான கேள்வி: எத்தனை பேர்? கோரிக்கைகளை எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் அது ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. ஐபி முகவரியை எண்ணலாமா என்றால், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள். பிரவுசர் ஸ்கிரிப்ட் குறைத்து எண்ணும், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் ஸ்கிரிப்ட் இறங்குவதற்கு முன் பக்கத்தை மூடியவர்களும் அதில் இல்லை. நாங்கள் பயனரின் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கீயில் ஓர் அடையாளம் வைத்து எண்ணினோம். அதிலும் போனில் ஒருமுறை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒருமுறை வந்தவர் இரண்டு பேராகிறார். எது குறைவான பிழை என்று பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆட்கள் கணக்கைக் கூட்டவும் முடியாது. திங்களன்று வந்தவரே செவ்வாயும் வந்தால் இரண்டையும் கூட்டினால் இரண்டு பேர். எல்லா அடையாளங்களையும் சேமிக்காமல் இதைச் செய்ய ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் ஹைப்பர்லாக்லாக் என்ற தோராயமாக எண்ணும் வழிமுறை இருக்கிறது. 12 கிலோபைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, திட்டப்பிழை 0.81 சதவீதம். அதன் கட்டளைகள் பிஎஃப் என்று தொடங்குவது இந்த வழிமுறையைக் கண்டவர்களில் ஒருவரான பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் ஃபிலிப் ஃப்ளாஷோலேயின் நினைவாக. நாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு ஏழையும் இணைத்தால் அந்த வாரத்தில் வந்த தனி ஆட்கள் கிடைத்துவிடுவார்கள், ஒருவரையே இரண்டு முறை எண்ணாமல். இணைக்கவல்ல வடிவத்தில் சேமிப்பது என்ற எண்ணம் ஹிஸ்டோகிராமிலும் இதிலும் ஒன்றேதான். அந்த ஒற்றுமை புரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருடமும் தீபாவளிக்கு முன்பதிவு திறந்தோம். மறுநாள் காலை அதே நேரத்துக்கு போன். "தம்பி, ராத்திரி எத்தனை?"

"கோரிக்கையா, ஆளுங்களா, டிக்கெட்டா மேடம்?"

"ஆளுங்க. பன்னண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும்."

சொன்னேன். லாக்கில் இருந்த அடையாளங்களைக் கூட்டாளி தனியாக எண்ணிவைத்திருந்தான், இரண்டும் ஒட்டியே இருந்தன.

"இதுல ஒரு பர்சன்ட் முன்னப்பின்ன இருக்கும்னு போட்டுக்கட்டுமா?" என்றார்.

"போட்டுக்கோங்க மேடம். குக்கீ கணக்குன்னும் பக்கத்துல எழுதிருங்க."